செல்பர்ன் ஊர்க் குருவானவர்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவார் பெரும்பாலும் போர்க்களத்தையோ அரசவையையோ தேடிச் செல்வர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட கில்பர்ட் ஒயிட் என்னும் பெரியாரோ போர்க்களம் கண்டிலர், அரசவை புகுந்திலர், கடல் கடந்திலர். ஆங்கில நாட்டின் தென்பாலுள்ள செல்பர்ன் என்னும் சிற்றூரில் தெருவின் ஒரு பக்கத்தே பிறந்து, மற்றொரு பக்கத்தே வாழ்ந்து, 73 ஆண்டு நிரம்புதற்குச் சின்னாள் இருக்க அவ்வூர் ஆலயத்தின் அருகே அடக்கம் பெற்றார். குருவிகளின் வரவும், மழையின் அளவும், வெள்ளரிப் பாத்தியும், ஏழையர் குடிசை விளக்கும் அவர் நாடோறும் நோக்கிக் குறித்த பொருள்கள். எனினும் அவர் எழுதிய ஒரே நூல் 1789-ல் வெளிவந்த காலந்தொட்டு இன்றுகாறும் அச்சினின்று மறைந்ததில்லை. நம் கண்முன்னே நிகழ்ந்து நம்மாற் காணப்படாமலே கழிந்தொழியும் அன்றாட வாழ்வினை நின்று நோக்கிய ஒருவருடைய வரலாறு ஆதலின், கல்லூரி மலரிற் சில பக்கம் இதற்கு ஒதுக்குதல் தகும் என்று துணிந்தோம்.

செல்பர்ன், ஹாம்ப்ஷயர்ப் பகுதியில், லண்டன் மாநகர்க்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில் உள்ளது. ஊருக்குப் பின்னே சுண்ணக்கல் மலையொன்று 300 அடி உயர்ந்து நிற்க, அதன் சரிவெல்லாம் பீச்சு மரங்கள் அடர்ந்திருக்கும். வண்டிப் பாதைகள் பல நூற்றாண்டுகளாகச் சக்கரமும் மழைநீரும் அரித்தமையால் அருகுள்ள வயல்களுக்கு 16 அல்லது 18 அடி கீழாகத் தாழ்ந்து கிடந்தன. மாரிக்காலத்தில் அவற்றின் வழியே செல்வது அரிது. ஆகவே ஊரார் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். ஒயிட் தம் காலத்தில் எடுத்த கணக்கின்படி அப்பங்கில் வாழ்ந்த மக்கள் 676 பேர்.

1720-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள், அவ்வூர்க் குருவானவர் இல்லத்தில் அவர் பிறந்தார். அவருடைய பாட்டனாரே அப்போது குருவானவர். அவர் பெயரும் கில்பர்ட் ஒயிட். தந்தையார் வழக்கறிஞர் தொழிலை விட்டு வீட்டோடிருந்தவர். உடன்பிறந்தார் பலர், இவரே மூத்தவர். ஆக்ஸ்பர்டு பல்கலைக்கழகத்து ஓரியல் கல்லூரியிற் பயின்று 1743-ற் பட்டம் பெற்றார். ஹோமர் காவியத்தை ஆங்கிலப்படுத்திய போப் என்னும் கவிஞர் அம்மொழிபெயர்ப்பின் பிரதியொன்றைத் தம் கையாலேயே இவ்விளைஞருக்கு வழங்கினார் என்பர். அடுத்த ஆண்டில் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் கிடைத்தது. 1747-ல் திருப்பணிக்கு அபிஷேகம் பெற்றார்.

இவ்வளவு வாய்ப்புடைய ஒருவர் பெரிய பதவிகளுக்கு ஏறியிருத்தல் இயல்பு. ஒருமுறை தம் கல்லூரித் தலைமைக்கு நின்று தோற்றார். அதன்பின் அவ்வழியை நாடினாரல்லர். வேறு ஊர்களிலிருந்து வந்த குருப் பதவிகள் பலவற்றை மறுத்தார். செல்பர்னை விட்டுச் செல்ல மனம் இடங்கொடாமையே காரணம். இதில் ஒரு நகைப்பும் உண்டு. செல்பர்ன் ஆலயத்தின் குருப் பதவி மாடலன் கல்லூரியாரின் உரிமை. இவரோ ஓரியல் கல்லூரியினர். ஆதலின் தாம் மிக விரும்பிய அவ்வூர்க்கு இவர் முழு உரிமையுள்ள குருவானவராக ஒருநாளும் ஆக இயலவில்லை. நான்குமுறை உதவிக் குருவாக மட்டும் பணிபுரிந்தார். 1784 முதல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். உலகம் அவரைச் செல்பர்ன் குருவானவர் என்றே வழங்கிவிட்டமையால் நாமும் இவ்வுரைக்கு அப்பெயரையே சூட்டினோம். திருமணம் செய்துகொள்ளாதவர். கல்லூரி ஊதியத்தைக் கடைசிவரை விடாமல் வைத்துக்கொண்டார் என்று உடன் இருந்தார் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. அம்முணுமுணுப்பு முற்றும் நியாயமற்றது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவ்வூதியம் உலகிற்கு வீணாகவில்லை.

கோச்சு வண்டியில் ஏறினால் அவருக்குத் தலைசுற்றி வாந்தி வரும். குதிரைமீதே செல்வார், தொலைவாகச் செல்வது அருமை. சிற்றப்பனார் ஒருவர் இறந்தபின் 1763-ல் வேக்ஸ் என்னும் வீடு அவருக்கு உரிமையாயிற்று. அதன் தோட்டமே அவர் கண்ட முதல் உலகம். 1751 முதல் தோட்டக் குறிப்பு எழுதலானார். இன்ன நாளில் இத்தனை வண்டி எரு வந்தது, இன்ன நாளில் முலாம்பழ விதை ஊன்றப்பெற்றது, வெள்ளரி காய்த்தது, பனி பொசுக்கிற்று, இவ்வாறே செல்லும் அக்குறிப்பு. குளிர்நாட்டில் முலாம்பழம் பழுக்க வேண்டுமானால் புத்தெருவைக் குவித்து அதன் சூட்டிலே பாத்தி அமைத்தல் வேண்டும். அவ்வெருவைத் தேடி அண்டை அயலாரிடமெல்லாம் இரந்து வாங்கிய குருவானவரை நினைக்குந்தோறும் நமக்கு அவர்மேல் அன்பு பெருகுகிறது. செல்வர் தோட்டங்களிற் கற்சிலை நிறுத்துவது அக்கால வழக்கு. இவருக்குச் சிலைக்குப் பொருளில்லை. பலகையிலே ஹெர்க்கியூலிஸ் வீரனுடைய உருவத்தை வெட்டி வண்ணந் தீட்டித் தொலைவிலே நிறுத்திக்கொண்டார். 1753-ல் தம்பி ஜானுடன் சேர்ந்து மலைமேல் ஏறும் வளைவுப் பாதையொன்றை வெட்டினார். அப்பாதையில் இன்றும் மக்கள் ஏறுகின்றனர்.

1768-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் சட்ட அறிஞர், இயற்கை ஆராய்வார் நாள்தோறும் நிரப்புதற்கென்று கட்டம் கட்டி அச்சிட்ட ஏடொன்றை வகுத்திருந்தார். காற்று, வெயில், மழை, துளிர்த்த மரம், வந்த பறவை, மறைந்த பறவை என்று ஒவ்வொன்றிற்கும் ஓரிடம் இருந்தது. அவ்வேட்டை ஒயிட் 25 ஆண்டுகள் விடாது நிரப்பி வந்தார். நம்மிற் பலர் நாட்குறிப்பொன்றை ஜனவரித் திங்களில் தொடங்கிப் பிப்ரவரியிற் கைவிடுவோம். ஆதலின் இவ்வுறுதியின் அருமை நமக்கு விளங்கும். அவ்வேட்டிற் காணப்படுவன பெருஞ்செய்திகள் அல்ல. ஆடு மயிர் கத்தரித்தனர், புல் அறுத்தனர், தவளை முட்டையிட்டது, அடுப்பங்கரையிற் சுவர்க்கோழி கத்திற்று. இவற்றை எழுதுதல் எளிது. நாளை வேறு, இன்று வேறு என்று அறிந்து, இன்றைக்கு உரியதை இன்றே எழுதுதல் எளிதன்று.

தகைவிலான் குருவி என்ற பெயரை எண்பத்து நான்காம் சங்கீதத்தில் நாம் சிறு பிராயமுதல் படித்திருக்கிறோம். அது எவ்வாறு கூடு கட்டுகிறது என்று நின்று பார்த்தார் எத்துணையர்? ஒயிட் பார்த்தார். சுவரில் மண் அப்பிக் கூடு கட்டும் மார்ட்டின் என்னும் தகைவிலான் ஒரே நாளிற் கூட்டைக் கட்டி முடிப்பதில்லை. காலையில் ஏறத்தாழ அரை அங்குல உயரம் மட்டும் கட்டிவிட்டு, அது காய்ந்து இறுகும் பொருட்டு எஞ்சிய பொழுதை வேறு வகையிற் கழிக்கிறது. ஈரமண் தன் பாரத்தாலே சரிந்துவிடும் என்று அது அறிந்ததுபோலும்! உழவாரக் குருவி இணைவதும் பறக்கும்போதே என்று கண்டறிந்து எழுதினார். ஊரில் உழவாரக் குருவிகள் ஆண்டுதோறும் எட்டு இணையே என்றும், அவற்றுட் பாதி ஆலயத்திலும் எஞ்சியவை கூரைக் குடிசைகளிலும் தங்குகின்றன என்றும் எண்ணிக் குறித்தார். எங்கும் ஒரே பறவை என்று கருதப்பட்டுவந்த பச்சை நிறச் சிறு குருவியொன்று உண்மையில் மூன்று இனம் என்று பிரித்துணர்ந்தவரும் இவரே. அவற்றின் உருவம் ஏறக்குறைய ஒன்று, பாட்டு வேறு. செவியே அவருக்கு இவ்வுண்மையை உணர்த்திற்று.

அச்செவிக்கே கேடு வந்தது. 1774-ஆம் ஆண்டளவிற் காது மந்தம் அவரை அடிக்கடி பற்றலாயிற்று. அது பற்றியபோதெல்லாம் பறவைகளின் சிறு குரல்களும், புதரில் எழும் சலசலப்பும் அவருக்கு இல்லையாயின. மேத்திங்கள் ஆங்கில நாட்டிற் பறவைப் பாட்டின் திங்கள். அத்திங்களே தமக்கு ஊமையாகிவிட்டதென்று நண்பர்க்கு வருந்தி எழுதினார். ஆனால் ஏட்டை மூடிவிடவில்லை. கண் நன்றாகவே இருந்தது. கேட்க இயலாத நாளிற் பார்த்ததை எழுதினார். செவி தெளிந்த நாளிற் கேட்டதை எழுதினார். இவ்வொன்றே அவரைப்பற்றி நாம் அறிந்தவற்றுள் நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அவர் ஐயுற்றும் துணியாதும் விட்ட பொருளும் ஒன்றுண்டு. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன? கடல் கடந்து வெப்ப நாடுகளுக்குச் செல்கின்றன என்று அன்றே பலர் கூறினர். தம்பி ஜான் ஜிப்ரால்டரிற் படைக்குருவாக இருந்து, பறவைகள் கூட்டங்கூட்டமாக நீரிணையைக் கடத்தலைக் கண்டு எழுதியும் இருந்தார். ஒயிட் அதனை மறுக்கவில்லை. ஆயினும் சிலவேனும் ஊரிலேயே எங்கோ பொந்துகளில் உறங்கிக் கிடக்கின்றன என்ற எண்ணத்தை இறுதிவரை விடவில்லை. 1781-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆட்களை வைத்து மலைச்சரிவின் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அறிவுத் துறையில் இது குறையே. எனினும், ஆண்டுதோறும் கண்டு களித்த அப்பறவைகள் தம் ஊரை அறவே நீங்கிவிடுகின்றன என்று ஒப்ப அவர் நெஞ்சம் இசையவில்லையோ என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, அவர் எழுதியவற்றுள் நாம் மிக வியப்பது பறவைகளைப்பற்றியதன்று, கோரை விளக்கைப்பற்றியது. 1775-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாரிங்டனுக்கு எழுதிய கடிதமொன்றில் ஏழையர் வீட்டு விளக்கு எவ்வாறு செய்யப்படுகிறது என்று விரித்துரைக்கின்றார். நீர்நிலை ஓரங்களில் வளரும் கோரையைக் கோடையிற் பறித்து நீரில் ஊறவைப்பர். பின்பு தோலை உரிப்பர். உள்ளிருக்கும் சோறு முறியாதபடி ஒரு நரம்பு மட்டும் ஒட்டியிருக்க விடுதல் வேண்டும். அதுவே கைத்திறம். சிறு பிள்ளைகளும் செய்வர். இரு கண்ணும் இழந்த கிழவியொருத்தி விரைவாக உரித்ததைத் தாம் கண்டதாகவும் எழுதுகின்றார். உரித்த கோரையைப் புல்மேற் பரப்பிச் சில இரவு பனியில் நனைத்து, வெயிலிற் காயவைத்து, உருகிய கொழுப்பில் தோய்த்தெடுப்பர். கொழுப்பு, பன்றியிறைச்சி வேகும் பானையின் மேல் மிதப்பது. சிக்கனமுள்ள இல்லாள் அதனை வழித்துச் சேர்த்து வைப்பாள்.

பின்னர் அவர் கணக்குப் போடுகின்றார். உலர்ந்த கோரை ஒரு ராத்தல் நிறுத்து எண்ணியபோது 1600-க்கு மேல் இருந்தன. 2 அடி 4½ அங்குல நீளமுள்ள கோரையொன்றைக் கொளுத்திக் கடிகாரத்துடன் அமர்ந்தார். ஒரு மணிக்கு மூன்று நிமிடம் குறைய எரிந்தது. ஒன்றுக்கு அரை மணி என்றே கொண்டாலும் ஒரு ராத்தற் கோரை 800 மணி நேரம் ஒளி தரும். கோரையும் அதில் தோயும் கொழுப்பும் கூடி விலை மூன்று ஷில்லிங். ஒன்றரை ராத்தல் இருந்தால் ஒரு குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் போதும். நீண்ட கோடை நாட்களில் உழைப்பாளர் பகலோடு எழுந்து பகலோடு உறங்குவர் ஆதலின் விளக்கு வேண்டா. ஆக்ஸ்பர்டிற் பட்டம் பெற்ற பெருமகன் ஒருவர், குடிசையில் எரியும் கோரை எத்தனை நிமிடம் எரிகிறது என்று பார்த்துக்கொண்டு ஓரிரவு அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். அவ்விளக்கு இன்று இல்லை. அதன்முன் அமர்ந்து நூல் நூற்ற பெண்டிரும் இல்லை. அது எரிந்த நேரம் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

இக்கடிதத்தில் ஓரிடம் நமக்கு உடன்பாடன்று. மிக வறியவர் கோரை செய்துகொள்ளாமல் நாடோறும் அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக் காற்றடிக்கும் அறையில் இரண்டு மணிநேரம் எரித்துத் தீர்க்கின்றனர்; சிக்கனம் அறியாமையாலேயே வறியராக இருக்கின்றனர் என்று கூறிவிடுகின்றார். மூன்று ஷில்லிங்கை ஒருங்கே கையிற் காணாதவனுக்கு அரைப் பென்னியே வழி என்பதனை அவர் எண்ணியிருத்தல் வேண்டும். ஆயினும் ஏழையர்மேல் அன்பில்லாதவர் அல்லர். உருளைக்கிழங்கைத் தொடவும் அஞ்சிய ஊரார் அதனைப் பயிரிடுமாறு, ஊக்கப் பரிசு தந்தும் பழக்கப்பட்டது என்று மகிழ்ந்து எழுதுகின்றார். அறிவு குன்றிய சிறுவன் ஒருவனைப்பற்றியும் எழுதியிருக்கின்றார். அவனுக்கு உலகில் தேனீயன்றி வேறொன்றுமில்லை. குளிர்காலமெல்லாம் அடுப்போரம் உறங்கிக் கிடப்பான். கோடையில் வெயிலில் ஓடி ஓடித் தேனீக்களை வெறுங்கையாற் பிடித்து, கொடுக்கை நீக்கி, தேனை உறிஞ்சுவான். ஓடுகையில் தேனீபோலவே உதட்டால் முரலுவான். இளைஞனானதும் தொலைவிலுள்ள ஓர் ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே இறந்தான். எந்த வரலாற்று நூல் இச்சிறுவனுக்கு இடங்கொடுத்திருக்கும்?

மனோன்மணீயம் என்னும் நாடகத்தைச் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்டார். அதில் நடராசன் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பை வியந்து கூறும் பகுதி தமிழ் மாணவர் அறிந்ததே. அதற்கு 114 ஆண்டுகட்கு முன்னர், 1777-ல், உழவரும் தோட்டக்காரரும் வெறுத்த அப்புழுவே மண்ணைத் துளைத்து நெகிழச் செய்து நீரையும் வேரையும் உள்ளே புகவிடுகிறது என்றும், அது இல்லையேல் நிலம் இறுகி மலடாகும் என்றும் ஒயிட் எழுதினார். டார்வின் அப்பொருள்பற்றித் தனி நூல் எழுதியது 1881-ல். இடையிலுள்ள ஆண்டுகளை எண்ணினால் செல்பர்ன் குருவானவரின் கண் எத்தகையது என்பது புலனாகும்.

ஆமையைப்பற்றிச் சொல்லாமல் இவர் வரலாறு முடியாது. அவருடைய அத்தையார் ஒருவர் ரிங்மர் என்னும் ஊரில் நிலத்தாமை ஒன்றை நெடுநாள் வளர்த்துவந்தார். அது மழைக்கு மிக அஞ்சும். புத்தாடை உடுத்த மாதரைப்போல முதல் துளி விழுமுன்னே ஒதுங்கிவிடும். முப்பது ஆண்டுகட்கு மேலாக உணவூட்டிய அம்மூதாட்டி வரக் கண்டால் மட்டும் தட்டுத்தடுமாறி விரைந்து அவரை நோக்கி வரும். அவர் 1780-ல் இறந்தபின், குளிருறக்கத்தில் மண்ணுள் கிடந்த ஆமையை ஒயிட் தோண்டியெடுத்து, பெட்டியில் வைத்து, 80 மைல் வண்டியிற் கொண்டுவந்து தம் தோட்டத்தில் விட்டார். அது எப்போது மண்ணுட் புகுந்தது, எப்போது வெளிவந்தது, எதனைத் தின்றது என்பனவெல்லாம் ஆண்டுதோறும் ஏட்டில் ஏறின. திமோத்தி என்று ஆண்பெயரிட்டு அழைத்தனர். ஓட்டைப் பின்னாளில் ஆராய்ந்தோர் அது பெண் என்று கண்டனர்.

பெருநிகழ்ச்சிகள் அவ்வூரின்மேல் நிழலிடாமல் இல்லை. 1783-ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை வானத்தை ஒருவகைப் புகைமூட்டம் கவிந்தது. நண்பகற் சூரியன் மேகத்துள் மறைந்த நிலாப்போல் மங்கி, தரைமேல் துருநிற ஒளி வீசிற்று. எழும்போதும் விழும்போதும் குருதிநிறம். அன்று வெட்டிய இறைச்சி மறுநாள் உண்ணத் தகாததாயிற்று. மக்கள் அஞ்சினர். ஐஸ்லாந்தில் லாக்கி என்னுமிடத்து எரிமலைப் பிளவு அவ்வாண்டு ஜூன் 8-ஆம் நாள் வாய்திறந்ததே காரணம் என்பது பிற்காலத்தார் அறிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பிளான்ஷார் என்பார் ஏறிவந்த ஆவிக்கூண்டு செல்பர்ன் வானில் தோன்றிற்று. காற்றின் திசையறிந்து அது வரும் என்று முன்னரே ஊராரை எச்சரித்துவைத்த குருவானவர், தாமும் தெருவில் நின்று, முதலில் அச்சமும் பின்னர் மகிழ்ச்சியும் எய்தியதாகத் தம் சகோதரிக்கு எழுதினார்.

அவருடைய நூல் எளிதில் வெளிவரவில்லை. பென்னன்ட் என்னும் விலங்கு நூலார்க்கு 44 கடிதம், பாரிங்டனுக்கு 66 கடிதம் என்ற அமைப்பில் அதனைத் தொகுத்தார். முதல் ஒன்பதும் நூலுக்கென்றே எழுதப்பெற்றவை. நண்பர் மல்சோ ஆண்டுதோறும் தூண்டினார். இவரோ ஒரு குளிர்காலம் இன்னும் பார்ப்போம், ஒரு குருவி இன்னும் வரட்டும் என்று காலங்கழித்தார். இறுதியிற் புத்தக வணிகராய் விளங்கிய தம்பி பெஞ்சமின் அதனை வெளியிட்டார். அவ்வாண்டு 1789, பிரான்சு நாட்டிற் பாஸ்டில் சிறை இடிந்த ஆண்டு. உலகம் அவ்வோசையைக் கேட்டுக்கொண்டிருக்க, குருவி கூடு கட்டும் நூலொன்று அமைதியாக வந்தது. பின்னர் அதனைச் சிறுவனாகப் படித்த டார்வின், பெருமக்கள் ஒவ்வொருவரும் ஏன் பறவை ஆராய்வார் ஆகவில்லை என்று வியந்தார்.

1793-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் ஏடு நிரம்பிக்கொண்டிருந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் அவர் உயிர் நீங்கிற்று. ஆலயத்தின் வடபுறத்தே, பெயரின் முதலெழுத்து இரண்டும் நாளும் மட்டும் பொறித்த சிறு கல்லொன்று அவர் கல்லறையைக் காட்டுகின்றது. திமோத்தி ஆமை அடுத்த வசந்தத்தில் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது.

ஆலய முற்றத்தில் யூ என்னும் முதுமரம் ஒன்று நின்றது. அதன் அடியை ஒயிட் அளந்தபோது சுற்றளவு 23 அடி. அவர் பிறப்பதற்கு முன், 1703-ஆம் ஆண்டுப் பெரும்புயலில், ஊர் நடுவே முதியோர் அமர்ந்து பேசவும் இளையோர் ஆடவும் நிழல் தந்த ஓக்கு மரம் வீழ்ந்ததென்றும், அன்றைய குருவானவர் பொருள் செலவிட்டு அதனை மீண்டும் நிமிர்த்தி நிறுத்தினார் என்றும், அது சிறிது துளிர்த்துப் பின் பட்டுவிட்டது என்றும் அவர் எழுதி வைத்திருந்தார். 1990-ஆம் ஆண்டு ஜனவரிப் புயலில் யூ மரமும் வீழ்ந்தது. ஊரார் கூடி, பொறிகளைக் கொணர்ந்து, அதனை நிமிர்த்தி நிறுத்தினர். அதுவும் பட்டுவிட்டது. அதன் கிளையொன்றை வெட்டி நட்டனர்.